ஆற்றுக்குக் கொஞ்சம்

"இது யாரு சப்பாத்து?" என்று கேட்டபடி பெரியப்பா அந்த ஜோடியைக் குப்பைப் பையின் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். காமினி எட்டி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பெட்டி உள்ளே வர வாசலில் இடம் வேண்டும். ஜாலான் பேராக்கின் இந்த வரிசை வீடுகளைக் கட்டியவன், என்றாவது ஒருநாள் இவற்றுக்குள் ஒரு பெட்டி நுழைந்து திரும்ப வேண்டியிருக்கும் என்று யோசித்ததே இல்லை போலிருக்கிறது. செருப்பு அலமாரியை வெளியே தள்ளினால்தான் வழி. பெரியப்பா பழனியப்பன் எழுபத்திரண்டு வயதிலும் எதையும் தள்ளிவிடக்கூடியவர். வாழ்நாளில் அவரால் தள்ள முடியாமல் போனது தன் தம்பி ஒருவரைத்தான். அந்தத் தம்பி சுகுமாரன் இப்போது முன்னறையில் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தார்.

அலமாரியின் அடித்தட்டில் இரண்டு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்துகள் இருந்தன. தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுவது; பசாரில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். பெரியது அப்பாவுடையது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. பெரியப்பா எறியப் பார்த்தது சின்னதை, ஐந்தாம் நம்பர். அதில் ஒருநாளும் மண் பட்டதில்லை.

"அம்மாவோடது பெரியப்பா. அப்பா வாங்கிக் குடுத்தது."

"உங்கம்மா இதப் போட்டு நான் பார்த்ததே இல்லையே."

"யாருமே பார்த்ததில்ல. இருக்கட்டும்."

காலை ஐந்தரைக்கு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "ஜெயா, தண்ணி" என்றார். அம்மா குவளையோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், டாக்டர், காகிதம் எல்லாம் ஆனபின் ஏழு மணிக்குக் காமினி அப்பாவின் கைப்பேசியைத் திறந்து, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொன்னாள். முதல் செய்தி உறவுக்காரர் யாருக்கும் போகவில்லை. பேராக் மாநிலத்தின் உள்காட்டில், உலு கெராயோங் என்ற ஊரின் தலைவருடைய மகளுக்குப் போனது. "அப்பா இன்று காலை காலமானார். மூன்று மணிக்குத் தகனம்" என்று மலாயில் எழுதி அனுப்பினாள். அப்பா இறந்த செய்தி அப்பாவின் பெயரிலேயே போவது என்னவோபோல் இருந்தது. ஏழு பன்னிரண்டுக்கு இரண்டு டிக்கும் நீலமாயின.

அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு எழுத்து வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் வீட்டு முகவரியை அனுப்பினாள். பதினொன்றுக்கு, "செய்தி கிடைத்ததா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் ஒற்றை டிக்தான். கூப்பிட்டால் மணியே போகவில்லை.

அப்பா பொறியாளர் இல்லை. உலு கெராயோங்கில் ஒரு கம்பெனி ஆற்றை மறித்து நீர்மின் நிலையம் கட்டியபோது, அங்கே குடியிருந்த இருபத்து மூன்று ஒராங் அஸ்லி பழங்குடிக் குடும்பங்களோடு பேசுவதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள். அவருடைய கார்டில் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பெரியப்பா அதைச் சுருக்கி, "காட்டுல போய் பேசிட்டு வர்ற வேல" என்பார். பதினொரு வருஷம், திங்கட்கிழமை விடியலில் போய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார்.

வெள்ளிக்கிழமைகள் காமினிக்கு இன்னும் மணக்கின்றன. டீசல், ஆற்றுமண், கொத்துக் கொத்தாகப் பெத்தாய்க்காய். சில சமயம் போத்தலில் காட்டுத்தேன். வாசலிலேயே அம்மா அவரை நிறுத்திவிடுவாள். அந்தக் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, கால்வாய் ஓரத்தில் தட்டி, பழைய பல்துலக்கியால் மண்ணைச் சுரண்டுவது காமினியின் வேலை. அப்பா படியில் உட்கார்ந்து கதை சொல்லுவார்.

அவர் அங்கே போவதற்கு முன்னால் இன்னொரு அதிகாரி இருந்தாராம். அவர் ஊரைக் கூட்டி, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஆட்சேபம் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா வேலைக்குச் சேர்ந்து முதலில் செய்தது அந்த வரியை அடித்ததுதான். "பேசலைன்னா சரின்னு அர்த்தமில்ல தாயி. யோசிக்கிறாங்களா, கோவமா, இல்ல உன்ன நம்பலையா, எதுன்னு தெரியாம நீயா ஒண்ணு எழுதக்கூடாது" என்பார். அப்பா மூன்று நாள் ஊர் மண்டபத்தில் சும்மாவே உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் ஒரு பெண், "கம்பி எங்கள் தலைக்கு மேலே போகிறது, பல்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். கம்பெனியின் மின்சாரம் முழுக்க வெளியூருக்கு. இரண்டு வருஷம் மேலிடத்தை நச்சரித்து, நிலையத்தின் கால்வாய்த் தண்ணீரிலேயே ஊருக்கென்று ஒரு சின்ன டர்பைன் வாங்கிக் கொடுத்தார். குழாய்த் தண்ணீர், பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி, நாலு பேருக்கு நிலையத்தில் வேலை என்று பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

அதெல்லாம் ஊருக்கு. வீட்டில், காமினிக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, அம்மாவுக்குத் திடீரென்று ரத்தப்போக்கு ஆகி கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது ஊரில் டர்பைன் வந்திருக்கவில்லை, செய்தி போக வழியில்லை. காமினிதான் கையெழுத்துப் போட்டாள். அப்பா மறுநாள் மாலை சப்பாத்து மண்ணோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அம்மா ஒரு சட்டம் போட்டாள். சாப்பாட்டு மேசையில் அந்த ஆற்றைப் பற்றிய பேச்சு வரக்கூடாது. அப்பா அதை மீறவே இல்லை. வாசல்படிக் கதைகளும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றன. ஒருநாள் மட்டும் ஐந்தாம் நம்பர் சப்பாத்தோடு வந்து, "ஒரு தடவ வந்து பாரேன் ஜெயா. கால் மைல்தான் நடக்கணும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை அலமாரியின் அடியில் வைத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை அவர் கேட்பதும் அவள் பேசாமல் இருப்பதுமாகப் போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கேட்பதையும் விட்டுவிட்டார்.

பெட்டி உள்ளே வந்தது. அப்பாவை அதில் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து மாலை வந்தது. அலமாரி வாசல் கூடாரத்தின் கீழே கிடந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பெரியப்பா, யார் காதில் வேண்டுமானாலும் விழட்டும் என்று, "பதினோரு வருஷம். அந்தக் காட்டுலேருந்து ஒரு ஈ காக்கா வரலியே. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

"மழக்காலம் பெரியப்பா. ரோடு அடைச்சிருக்கும்," என்றாள் காமினி.

"வர வேண்டாம்லா. ஒரு வார்த்த?"

காமினிக்கும் அதே கேள்விதான், அதே கோபம்தான். அதோடு இன்னொரு சுமையும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பாடாங் கோத்தாவில் அவளோடு பசெம்பூர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா ஒன்று கேட்டிருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டே, "சாம்பல்ல கொஞ்சம் மேல அந்த ஆத்துல விடணும் காமினி. கொஞ்சம்தான். மிச்சம் இங்கயே கடல்ல, அம்மாவுக்குப் பக்கத்துல. அம்மாகிட்ட நான் கேக்க மாட்டேன். நீ கேளு" என்றார். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது. நாளை காலை அஸ்தி எடுத்ததும் படகு.

அம்மாவின் காதோரம் குனிந்து கேட்டாள்.

ஜெயலெட்சுமி விளக்கைப் பார்த்தபடியே இருந்தாள். கேட்காமல் போயிற்றோ என்று காமினி மறுபடி குனிந்தபோது, "எந்த ஆத்துல?" என்றாள்.

"அங்கதாம்மா."

"செய்தி சொன்னியா அவங்களுக்கு?"

"சொன்னேன். காலையில ஏழு மணிக்கே."

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"அப்புறம்?"

காமினி கைப்பேசியைக் காட்டினாள். அம்மா கண்ணாடி இல்லாமலே அந்த ஒற்றை டிக்குகளைப் பார்த்தாள்.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளர்த்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்வாரு. வளர்ந்துச்சு. நான் ஊட்டினேன்," என்றாள். குரல் உயரவில்லை. "உயிரோட இருக்கறப்ப பாதிய அந்த ஆத்துக்குக் குடுத்தாச்சு. இது எனக்கு. கடல்லயே இருக்கட்டும், நான் பார்த்துக்கிட்டிருப்பேன்."

அம்மாவைக் குறை சொல்லக் காமினிக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்காக அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். யாரோ காப்பி வேண்டுமென்று கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கலக்கினாள்.

ஒன்றரைக்கு ஹக்கீம் வந்தார். அப்பாவின் பதினொரு வருஷத்துக்கும் காடி ஓட்டியவர் அவர்தான். இப்போது பட்டர்வொர்த்தில் மருமகனின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறார். மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி வந்திருந்தார், சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் கிடந்த அலமாரியைக் கண்டு நின்றார். குனிந்து அப்பாவின் பெரிய சப்பாத்தின் குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

பெட்டியருகில் நின்று உதடு அசையத் துவா செய்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே போன மாசம்கூட கடைக்கு வந்தாரு அக்கா. மீன் தலக்கறி சாப்பிட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு."

"நீயாவது வந்தியே தம்பி," என்றாள் அம்மா.

அந்த 'நீயாவது' என்னவென்று ஹக்கீமுக்குப் புரியவில்லை. காமினியைப் பார்த்தார்.

"உலு கெராயோங்குக்குச் செய்தி அனுப்பினேன் அங்கிள். பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அனுப்பினது போகவே இல்ல. போனும் போகல."

"எத்தன மணிக்குப் பார்த்தாங்க?"

"ஏழு பன்னெண்டு."

"அப்புறம் ஒரே டிக்கா?"

"ஆமா."

ஹக்கீம் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிறார் என்றுதான் காமினி நினைத்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்தபின்தான் விளங்கியது. பெரியப்பா கூடாரத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தார்.

"கரண்ட நிறுத்திட்டாங்கக்கா," என்றார் ஹக்கீம்.

"எந்தக் கரண்ட்ட?"

"ஊரு கரண்ட்ட. டர்பைன. அங்க போன் டவர் கிடையாதுக்கா, மண்டபத்துல ஒரு வைஃபை பெட்டிதான். டர்பைன் நின்னா அதுவும் நின்னுடும். பேச முடியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அண்ணே உங்ககிட்ட சொன்னதில்லையா?"

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசை இரண்டு கை தூரத்தில், வந்தவர்களின் பைகள் குவிந்து கிடந்தது.

ஹக்கீம் சொன்னார். ஊருக்கு வெளிச்சம் வந்த முதல் மாதம், ஆற்றோர வீட்டில் ஒரு மனிதர் இறந்துபோனார். பக்கத்து வீட்டில் புது டிவி, பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி மைக் வைத்துப் பாட்டு. செத்தவரின் மனைவி நேராகப் போய் டர்பைன் கொட்டகையில் தண்ணீரை அடைத்துவிட்டாள். ஊர் முழுக்கச் சண்டை. அப்பா கூட்டம் போட்டார்.

"ரெண்டு நாள் யாரும் பேசல. அண்ணேயும் பேசல. நான் டீ போட்டே செத்தேன். மூணாம் நாள் அவங்களே முடிவு பண்ணாங்க. ஊர்ல யாராச்சும் இறந்தா, செய்தி வந்த நிமிஷத்துலேருந்து மறுநாள் சூரியன் வர்ற வரைக்கும் டர்பைன் நிக்கணும். கம்பெனி எஞ்சினியர் ஒத்துக்கல. ஐஸ் பெட்டில இருக்கற மீனெல்லாம் கெட்டுடும், மெஷினுக்கும் நல்லதில்லன்னாரு. பக்கத்துல பொணம் கிடக்கறப்ப பந்து பார்க்கறதுக்கா நாம கரண்ட் குடுத்தோம்னு அண்ணே கேட்டாரு. ஒப்பந்தத்துல அத எழுதற வரைக்கும் அவரு கையெழுத்துப் போடல."

"சரி, அது அவங்க ஊர்ல செத்தாத்தானே," என்றார் பெரியப்பா.

"அதான் சொல்றேன் அண்ணே. கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு அப்புறமா தவறினாங்க, பெரிய ஆளுங்கதான். நிறுத்தல. ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், கூடாரத்தில் நாற்காலிகளை நேராக்க ஆரம்பித்தார்.

'எதுன்னு தெரியாம நீயா ஒண்ணு எழுதக்கூடாது.' காமினிக்கு அப்பாவின் குரல் அப்படியே கேட்டது. காலையிலிருந்து அவளும்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

அம்மா எழுந்தாள். எங்கே என்று யாரும் கேட்பதற்குள் சுவரருகே போய் முன்னறை விளக்கையும் காற்றாடியையும் அணைத்தாள். பகல்தான், ஆனாலும் அறை மங்கியது. வேர்வையில் நெளிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தியும் எழுந்துபோய்ப் போடவில்லை. தலைமாட்டு விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா திரும்பி வந்து, அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.

இரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள். பத்து லஞ்சாங் என்ற இடத்திலுள்ள மயானத்தில் பெரியப்பாவின் மகன் யுகேந்திரன் கொள்ளி வைத்தான். திரும்பி வந்து குளித்து, யாரோ கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, அன்றைய பொழுது போயிற்று.

மறுநாள் காலை அஸ்தி எடுக்கத் தானும் வருவேன் என்றாள் அம்மா. பெரியப்பா தடுக்கவில்லை. மயானத்து ஆள் தட்டில் எலும்புகளைப் பரப்பிப் பால் தெளிக்கச் சொன்னார். வெந்து வெளுத்துப் போனவற்றில் எது அப்பாவின் கை, எது கால் என்று காமினிக்குத் தெரியவில்லை. அந்த ஆள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

"கலயம் ஒண்ணுதானேம்மா?" என்று கேட்டார் அந்த ஆள்.

காமினி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெஞ்சிவிடுவோம் என்று இருந்தது.

"ரெண்டு," என்றாள் அம்மா.

அவளே குனிந்து இரண்டாவது கலயத்தில் போட்டாள். கொஞ்சம்தான். பிறகு யோசித்து, இன்னொரு துண்டை எடுத்தாள். "இது கால்தானே?" என்று கேட்டாள். அந்த ஆள் ஆமாம் என்றார். அதையும் போட்டு, சிவப்புத் துணியால் வாயைக் கட்டினாள்.

படகில் போய்ப் பெரிய கலயத்தைக் கடலில் விட்டுக் கரையேறும்போது காமினியின் பையில் அப்பாவின் கைப்பேசி அதிர்ந்தது. நேற்றைய ஒற்றை டிக்குகள் எல்லாம் இரண்டாகி நீலமாகியிருந்தன. கீழே ஒரு வரி மட்டும் வந்திருந்தது: "தண்ணீர் இறங்க ஒரு வாரமாகும். பாலத்தில் வந்து காத்திருப்போம்." சாம்பலைப் பற்றி அவள் அவர்களுக்கு எழுதவே இல்லை. அப்பா தானே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"கரண்ட் வந்திருச்சா அப்ப," என்றாள் அம்மா.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பெரியப்பா அதைச் சொல்வதற்கு முன்பே அம்மா சின்னக் கலயத்தைக் கூடாரத்தின் கீழே, செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். மற்றவர்கள் கால் கழுவி உள்ளே போனார்கள். அம்மாவும் கால் கழுவினாள், ஆனால் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்து, அடித்தட்டிலிருந்து சின்னச் சப்பாத்துகளை இழுத்தாள். இத்தனை வருஷம் ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததில் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. விரலை நுழைத்து, ரப்பர் கிழிந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். வலது காலை விட்டுப் பார்த்தாள். ஈரக்கால், பாதியிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலைகளில் அப்பா கிளம்பிப் போனபின் இந்தப் படியில், சப்பாத்துக்குள் தூவியதுபோக, வெள்ளையாகப் பவுடர் சிந்திக் கிடக்கும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூட்டித் தள்ளுவாள்.

"காமினி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "அப்பா மேசையில பவுடர் டின் இருக்கும் பாரு. எடுத்துட்டு வா."